புலவனும் நம்பிக்கையும்

பிறந்த மண்ணும் குலமும் தொழிலுமே மனிதனுக்குத் தன்னை யாரென்று காட்டுகின்றன என்பது பொதுவான எண்ணம். அவை கைவிட்டுப் போகும்போதுதான் அவ்வெண்ணத்தின் வலிமை தெரியவருகிறது. சிலாங்கூரில் பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 1990-களில் அந்நிலத்தில் புத்ராஜெயா நகர் எழுந்தபோது, டெங்கிலில் அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. லயமும் பால்மரக் காடும் பழங்கதையாயின. அவ்வீடுகளில் வளரும் மாணவன் ஒருவன் எழுத விரும்பினால், எதில் காலூன்றி எழுதுவான்? அவன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவனாயின் இன்னொரு வினாவும் உடன் எழும். அவன் பயிலும் பழைய பக்தி இலக்கியத்தின் பெரும்பகுதி திருமாலையும் சிவனையும் முருகனையும் பாடுவது. வீட்டில் அவன் செபிக்கும் மொழியும் அதே தமிழ்தான். அவ்வாறாயின் இம்மரபுக்கு அவன் உரியவனா, விருந்தினனா?

இவ்வினாவை மறுபுறத்திலிருந்து எதிர்கொண்ட புலவர் ஒருவர் உண்டு. அவர் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனின் கவிதையில் இளமையிலேயே ஊறியவர். 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். ஊதியம் திருச்சபையினுடையது, உள்ளமோ அப்போது திருமாலுக்கே உரியது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1858-இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரடு என்னும் புதுப்பெயரின் முதலெழுத்துகளே ‘எச்.ஏ.’ என்பன. அவற்றின் பின்னே கிருஷ்ணன் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கண்ணன் பெயரைத் தாங்கியே அவர் கிறிஸ்துவைப் பாடினார் என்பது சிறு செய்தியாயினும் சிந்தனைக்கு உரியது.

அக்காலத்தில் சமயம் மாறுவது தனியொருவர் மனத்துக்குள் முடிந்துவிடும் செயலன்று. பந்தி, திருமணம், இழவு ஆகிய எல்லாவற்றிலும் உறவுக்கும் அவனுக்கும் இடையே கோடு விழும். இத்தகைய நிலையில் மாறியவன் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. பழையதைப் பகையாக எண்ணி எரித்துவிடுவது ஒன்று. புதியதை வாயால் ஒப்பி மனத்தால் பழையதிலேயே தங்குவது மற்றொன்று. முன்னதில் நன்றி இல்லை; பின்னதில் நேர்மை இல்லை. கிருஷ்ணபிள்ளை இரண்டையும் தவிர்த்தார். நம்பிக்கையை முழுமையாக மாற்றிக்கொண்டார், நாவை மாற்றிக்கொள்ளவில்லை.

நம்பிக்கை அவருக்கு ஒரே நாளில் காவியத்தைத் தந்துவிடவில்லை என்பதையும் கருதவேண்டும். திருமுழுக்குப் பெறும்போது வயது முப்பத்தொன்று. இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்த 1894-இல் அறுபத்தேழு. இடையில் கழிந்தவை முப்பத்தாறு ஆண்டுகள். அவற்றில் வகுப்பறையும் பாடஞ்சொல்லும் வேலையும் குடும்பச் சுமையும் நிறைந்திருந்தன. எழுச்சி வந்ததும் எழுதிவிடலாம் என நம்பும் இளைஞர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அந்நூலுக்கு வித்தானது ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1678-இல் வெளிவந்த உரைநடை நூல். பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த எளியவர். அரசின் அனுமதியின்றிப் போதித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அழியப்போகும் ஊரை விட்டு விண்ணகரம் நோக்கி நடக்கும் ஒருவனின் கதையே அந்நூல். அதனைக் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்த்தார் என்று சொன்னால் தவறாகும். ஐந்து பருவங்களாகவும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களாகவும் அதனைத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கினார். பனியன் விரித்துரையாத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துப் பாடினார். நூலின் உயிர் அப்பகுதியில்தான் இருக்கிறது. கம்பனிடம் பயின்ற கை, துன்புறும் தலைவனைப் பாடும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே உருக வேண்டும் என்பதை அறிந்து செல்கிறது. கதையின் இடையிடையே வரும் இசைப்பாக்களுக்குத் ‘தேவாரம்’ என்றே பெயர். வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான புலவர், சைவர் போற்றும் பெயரைத் தம் செபத்துக்குச் சூட்டினார். தமிழ்ப் பக்தி மரபு யாருடையது என்னும் வினாவுக்கு அவர் வாதம் செய்யவில்லை. தமக்கு உரியதை எடுத்துப் பயன்படுத்தும் ஒருவரைப் போல் நடந்துகொண்டார், அவ்வளவே.

ஒரு மறுப்பு எழலாம். நோக்கம் முன்பே முடிவாகிவிட்ட எழுத்து பிரசாரம் ஆகாதா? ஆகலாம், பல நூல்கள் அவ்வாறே ஆகிவிட்டன. இக்காப்பியத்திலும் உருவகப் பாத்திரங்கள் நெடிது வாதிடும் இடங்கள் சில தளர்ந்தே நடக்கின்றன. அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று அழைப்பதிலும் புகழோடு ஒரு குறை மறைந்திருக்கிறது. இன்னொருவர் நிழலில் நிற்பவர் என்பது அதன் உட்பொருள். ஆயினும் பிரசாரகன் அறிந்தது கேட்போரின் பிழையை மட்டுமே. கிருஷ்ணபிள்ளையின் தேவாரத்தில் பிழையுடையவர் அவரே. இரங்குமாறு வேண்டுபவரும் அவரே. தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பாடும் குரல் மேடைக்குரலாக முடியாது.

நம்பிக்கை எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதும் இல்லை. அவர் காலத்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறித்தவராகவே பிறந்தவர். நீதித்துறையில் முன்சீப்பாக இருந்தவர். அவரைச் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடவும், 1879-இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் முதல் தமிழ் நாவலை எழுதவும் தூண்டியதும் அதே சமயத்தில் வேரூன்றிய அறவுணர்வுதான். ஒருவர் யாத்திரிகனின் கண்ணீரைப் பாடினார். மற்றவர் வாசகரைச் சிரிக்க வைத்தார்.

காப்பியம் முடிந்த பின்னும் கிருஷ்ணபிள்ளை எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. எழுபதைக் கடந்த வயதில் ‘இரட்சணிய மனோகரம்’ பாடி 1899-இல் வெளியிட்டார். கதையில்லை, பாத்திரமில்லை, ஒருவன் தன் இறைவனோடு பேசும் பாடல்கள் மட்டுமே. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.