குளக்கட்டும் வலையமைப்பும்

மன்னார்ப் பெருநிலப்பகுதியிலுள்ள கட்டுக்கரைக்குளத்தின் நீர் பல சிறு குளங்களையும் நிரப்பி வயல்களைச் சென்றடைகின்றது. இடையிலுள்ள குளக்கட்டொன்றைப் பேணாதுவிடுபவன் தன் விளைவை மட்டுமன்றி அயலான் விளைவையும் கெடுக்கின்றான். இலங்கையில் 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது உழவன் கட்டாய ஊழியத்தினின்று விடுபட்டான். ஆயினும் குளங்களைப் பேணும் பொதுப்பணியும் உடன் தளர்ந்தது. அதனை மீண்டும் நிலைநிறுத்த 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் வேண்டியதாயிற்று. கட்டாயம் நீங்கினும் கடமை நீங்குவதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

இவ்வினா இன்று இல்லத்தினுள்ளும் எழுகின்றது. வீட்டின் பல மூலைகளில் அமைந்த ரூட்டர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணையத்தைக் கைமாற்றுவது 'மெஷ்' வலையமைப்பு. அவற்றை இயக்கும் உள்மென்பொருளைப் புதுப்பித்தல் உரிமையாளனின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததா? குறையின்றி இயங்குவதை ஏன் தொடவேண்டும் என்பர் சிலர். புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் தடைப்படின் கருவி பழுதாகலாம் என்னும் அச்சமும் பொய்யன்று. ஆயின், 2018இல் வெளிப்பட்ட 'விபிஎன்ஃபில்டர்' என்னும் தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளில் புகுந்திருந்ததாக மதிப்பிடப்பட்டது. அக்கருவிகளிற் பல, முன்னரே அறியப்பட்ட குறைகளை உடையவை. அவ்வாறு வசமான கருவி, உரியவன் அறியாமலே முகமறியாத பிறரைத் தாக்கும் ஆயுதமாகலாம்.

விற்றவன் திருத்தம் வழங்காது கைவிடின், பழி முழுவதையும் இல்லத்தான்மீது சுமத்தல் அறமன்று. திருத்தம் கைக்கெட்டியிருந்தும் வாளாவிருத்தல் வேறு. பிறரோடு பிணைந்த பொருளில் 'என்னுடையது' என்னும் சொல்லுக்கு 'என் பொறுப்பு' என்பதே பொருளாகும்.