ஷவ்வால் விருந்தும் தோழமையின் உரிமையும்

ஷவ்வால் பிறை தோன்றிவிட்டால் நம் ஊர்களின் முகமே மாறிவிடுகிறது. வெளியூர்களில் தொழில் புரிவோர் பெருநாளை முன்னிட்டு இல்லம் திரும்புகின்றனர். ரமளானில் தள்ளிவைக்கப்பட்ட நிக்காஹ்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. அரபுக் கல்லூரிகளுக்கும் மாதத்தின் முற்பகுதிவரை விடுமுறை. தோழர்கள் ஒன்றுகூடி உண்டு மகிழ இதனினும் வாய்ப்பான மாதம் வேறில்லை.

இம்மகிழ்ச்சி குற்றமன்று. ஷவ்வால் முதல் நாளில் நோன்பு நோற்பதையே மார்க்கம் தடுத்திருக்கிறது. அன்று உண்ணாதிருப்பது பக்தியாகாது, உண்பதே கீழ்ப்படிதல். அறியாமைக் காலத்து அரபுகள் ஷவ்வாலில் மணம் முடிப்பதைத் தீய சகுனமாகக் கருதினர். அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தம் மணமே ஷவ்வாலில்தான் நிகழ்ந்தது என எடுத்துக்காட்டி அவ்வெண்ணத்தை மறுத்தார்கள். ஆகவே இம்மாதத்தை இன்பமாகக் கழிப்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

எனினும் கேள்வியொன்று எஞ்சுகிறது. ஒரு மாதம் முழுவதும் தோழர்களோடு உண்டு, உலாவி, மகிழ்ந்திருந்த ஒருவன் தோழமையின் கடமையை நிறைவேற்றிவிட்டான் என்று சொல்லலாமா? இக்கேள்வியை நான் நூலில் கண்டெடுக்கவில்லை. 2018ஆம் ஆண்டு ஷவ்வாலில் என் வாழ்க்கையே அதனை என் முன் கொண்டுவந்து வைத்தது.

அவ்வாண்டு ஷவ்வால் ஜூன் மாதத்தில் தொடங்கிற்று. இளமையில் ஒரே பள்ளியில் பயின்ற எழுவர் நாங்கள். பெருநாள் கழிந்ததும் ஒவ்வொருவர் இல்லத்திலும் முறைவைத்து விருந்துண்டோம். இடையில் இரண்டு நிக்காஹ்கள், ஒரு வீடு குடிபுகல். ஒவ்வொன்றுக்கும் மொய் வைத்தோம். இறுதியில், அருவி விழத் தொடங்கிவிட்டது என்று கேள்வியுற்று, வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் குற்றாலம் சென்றோம்.

எழுவரில் ஒருவர் தையல்காரர். அவர் எல்லா விருந்துகளுக்கும் வந்தார். தம் முறை வந்தபோது எவருக்கும் குறையாமல் பிரியாணி ஆக்கி, ஸஹன் வைத்து எங்களை உபசரித்தார். குற்றாலத்துக்கு மட்டும் வரவில்லை. வேனில் இருந்தோர், அவர் கணக்குப் பார்க்கிறார் என்று கேலி பேசினர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாத முடிவில் ஜுப்பாவொன்றைத் தைக்கக் கொடுப்பதற்காக அவர் கடைக்குச் சென்றேன். இரண்டு தையல் மிஷின்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றது எங்கே என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். வற்புறுத்தியபின் தலை நிமிராமலே சொன்னார்:

"உங்க எல்லார் வீட்லயும் சாப்பிட்டுட்டு, என் வீட்டுக்கு மட்டும் கூப்பிடாம இருக்க முடியுமா ஆலிம்சா?"

ரமளான் இரவுகளில் உறங்காமல் தைத்து ஈட்டுவதே அவருடைய பெருவருவாய். பெருநாள் கழிந்ததும் தையல் வேலை குன்றிவிடும். கைப்பொருள் வற்றும் அந்த மாதத்தில்தான் நாங்கள் அவரைச் செலவு செய்ய வைத்தோம். (அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன்.)

அன்றிரவு ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களைப் பற்றிய நிகழ்ச்சியொன்று என்னை உறங்கவிடவில்லை. மாணவர்களுக்குப் பலமுறை நான் சொல்லிக்கொடுத்த நிகழ்ச்சி அது. அபூவாயில் என்பார் தம் தோழர் ஒருவருடன் ஸல்மான் (ரலி) அவர்களைக் காணச் சென்றார். வாற்கோதுமை ரொட்டியும் பொடித்த உப்பும் விருந்தாக வந்தன. உப்புடன் ஸஃதர் என்னும் நறுமணத் தழையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அத்தோழர் வாய்விட்டுச் சொன்னார். ஸல்மான் (ரலி) அவர்கள் வெளியே சென்று, தாம் ஒளுச் செய்யும் பாத்திரத்தை அடகு வைத்து, அத்தழையை வாங்கி வந்தார்கள். உண்டு முடித்த தோழர், கிடைத்ததைக் கொண்டு போதுமென்ற மனத்தைத் தந்த இறைவனைப் புகழ்ந்தார். அதற்கு ஸல்மான் (ரலி) அவர்கள், உமக்கு அந்த மனம் இருந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்று மறுமொழி பகர்ந்தார்கள்.

இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த விருந்தாளி நானே என்பது அன்றுதான் விளங்கிற்று. வித்தியாசம் ஒன்றே. அவர் வாய் திறந்து கேட்டார். நாங்கள் கேளாமலே அடகு வைக்கச் செய்தோம்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலை நாற்பது பகுதிகளாக அமைத்தார்கள். உண்ணும் ஒழுக்கம் பதினொன்றாவது பகுதி, தோழமை பதினைந்தாவது. இடையில் மணம், பொருளீட்டல், ஹலால் ஹராம் ஆகியவை வருகின்றன. சேர்ந்து உண்பதற்கும் தோழமைக்கும் இடையே இத்தனை படிகள் உள்ளன என்று இவ்வரிசையை நான் பொருள் கொள்கிறேன். நம் வள்ளுவரும் விருந்தோம்பலை அறத்துப்பாலிலும் நட்பைப் பொருட்பாலிலும் வைத்ததை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

தோழனுக்குரிய உரிமைகள் எட்டு என இமாம் அவர்கள் வகுக்கின்றார்கள். முதலாவது பொருளைப் பற்றியது. அதன் மிகத் தாழ்ந்த படியில்கூட, தோழன் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவன் தேவையை நிறைவேற்ற வேண்டும். கேட்கும்வரை காத்திருப்பதே தோழமைக்கு இழைக்கும் பெருங்குறை. எட்டாவது உரிமை, தகல்லுஃபைக் கைவிடுவது. தன்னையோ பிறரையோ வருத்திக்கொண்டு செய்யும் உபசாரத்திற்குத் தகல்லுஃப் என்று பெயர். தோழன் நம் வருகையை எண்ணி மலைக்காதிருக்க வேண்டும். நம் அழைப்பைக் கண்டு செலவுக் கணக்குப் போடாதிருக்க வேண்டும். நாங்கள் இவ்வெட்டில் முதலையும் இறுதியையும் ஒரே மாதத்தில் உடைத்தோம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தம்மால் இயலாது என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. சொல்லாதது அவர் குற்றமன்றோ? பல நாள் நானும் இவ்வாறே என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சொல்லக்கூடிய இடமாக நம் தோழமை இருந்ததா? வராதவரைக் கேலி செய்யும் கூட்டத்தில், வர இயலாதவர் எங்ஙனம் வாய் திறப்பார்? அவருடைய மௌனத்தை வளர்த்தவர்கள் நாங்கள்.

செல்வர்களை அழைத்து ஏழைகளை ஒதுக்கும் வலீமா விருந்தை உணவுகளிலெல்லாம் தீயது என்று ஹதீஸ் கண்டிக்கிறது. எங்கள் விருந்துகளில் எவரையும் ஒதுக்கவில்லை என்று நான் நிம்மதியாயிருந்தேன். ஏழையை அழைத்துவிட்டுச் செல்வன் செய்வதைப் போலவே அவனும் செய்ய வேண்டுமென எதிர்பார்ப்பதும் ஒதுக்குவதேயாகும் என்பது பின்னரே புலப்பட்டது.

முஸ்லிம் மீது முஸ்லிமுக்குள்ள உரிமைகள் ஐந்து என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஸலாமுக்கு மறுமொழி கூறல், நோயாளியை நலம் விசாரித்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல், அழைப்பை ஏற்றல், தும்மியவருக்காக வேண்டுதல். இவற்றுள் அழைப்பை ஏற்பது ஒன்றே விருந்தைச் சார்ந்தது. அம்மாதத்தில் நான் அந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றினேன். அதே மாதத்தில் என் தெருவில் படுத்த படுக்கையாயிருந்த முதியவரை ஒருமுறைகூடச் சென்று பார்க்கவில்லை. இன்பமான கடமை, துன்பமான கடமையை எளிதில் மறைத்துவிடுகிறது.

அவ்வாறாயின் கூடுதலையே விட்டுவிடுவதா? வேண்டா. இமாம் அவர்கள் தோழமையை அடுத்துத் தனிமைக்கும் ஒரு பகுதி வகுத்தார்கள். எனினும் தோழமைப் பகுதியை நீக்கிவிடவில்லை.

அடுத்த ஆண்டு, 2019 ஷவ்வாலில், முறை விருந்தை நிறுத்தினோம். ஆறு நோன்பை ஒன்றாக நோற்று, மாலையில் ஒன்றாகத் திறப்பது என முடிவு செய்தோம். வீட்டில் அன்று உள்ளதைக் கொண்டுவர வேண்டும். இதற்கெனக் கடைக்குச் செல்லலாகாது என்பதே நிபந்தனை. ஒருவர் கஞ்சி கொணர்ந்தார். ஒருவர் முந்தைய நாள் ஆணத்தைச் சுடவைத்துக் கொணர்ந்தார். தையல்காரர் கொணர்ந்தது பேரீச்சம்பழமும் தேநீரும். அன்று அதிகம் பேசியவரும் அதிகம் சிரித்தவரும் அவரே. முந்தைய ஆண்டு விருந்துகளில் அவர் குரல் எப்படி இருந்தது என்று நினைவுகூர முயன்றேன், இயலவில்லை. அப்போது நான் அதனைக் கேட்டிருக்கவே இல்லை.

விற்ற மிஷினுக்கு ஈடாக ஒன்றை வாங்கித் தர நாங்கள் முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. தைப்பதற்குத் துணி கொடுங்கள், அது போதும் என்றார். அதனை ஏற்றுக்கொண்டோம்.

இனி ஷவ்வாலில் அழைப்பிதழ் அனுப்பும்போதும், சுற்றுலாவுக்குப் பங்குத் தொகை குறிக்கும்போதும், நம்மவரில் எவர் வீட்டில் எப்பொருள் அடகுக்குப் போகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அந்த ஒரு கணமும் தோழமையின் உரிமைதான்.