இந்தக் கதவு யாருடையது?

சில மாதங்களுக்கு முன்னர் குடும்பத் தலைவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். வீடு கட்டிக்கொண்டிருப்பவர். இணையத்தில் விளம்பரம் பார்த்து, பழைய முதிரை நிலையும் இரட்டைக் கதவும் வாங்கியிருந்தார். புதிதாகச் செய்விக்க ஆகும் செலவில் பாதிகூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய வர்ணத்தைச் சுரண்டியபோது, மேற்சட்டத்தில் ஒரு சிலுவையும் அதனருகே 1961 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கக் கண்டார். விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். "லொறிக்காரன் கொண்டுவந்து இறக்கினான், எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதே பதில். "சுவாமி, நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். இதை என் வீட்டு வாசலில் வைக்கலாமா?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. குடாநாட்டில் வீடு கட்டும் குடும்பங்கள் பலவற்றின் கேள்வி. ஆகவே இங்கு சற்று விரிவாக ஆராய்வோம்.

பழைய பொருளை வாங்குவதில் இழுக்கு எதுவும் இல்லை. நம் முன்னோர் ஒரு வீட்டைப் பிரித்தால் பனை வளையையும் சிலாகையையும் ஓட்டையும் எண்ணி எடுத்து அடுத்த வீட்டுக்குப் பயன்படுத்தினர். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. அதற்குள் சுவரும் கூரையும் கதவும் முடித்தாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் சீமெந்து மூடை ஒன்றின் விலை மூவாயிரம் ரூபா அளவுக்கு ஏறியது. இத்தகைய நிலையில் ஏழை ஒருவன் பழைய யன்னலைத் தேடுவதைப் பேராசை என்று யார் சொல்வார்? வேலை முடிந்த மேசன் தன் சாரக் குழாய்களையும் கொங்கிறீற்றுக் கலவை இயந்திரத்தையும் விற்பதும், தொழில் தொடங்கும் இளைஞன் அவற்றை வாங்குவதும் இருவருக்கும் நன்மையே.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பழைய பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தது. திரும்பி வந்தோர் பலர் கண்டவை கதவற்ற நிலைகள், நிலையற்ற சுவர்கள், ஓடற்ற கூரைகள். வலிகாமம் வடக்கிற் சிலருக்கு வீடு நின்ற இடமே தெரியவில்லை. 1990இல் வடபகுதிப் புகையிரதம் நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. யாழ்ப்பாணத்திற்கு மீண்டும் புகையிரதம் வந்தது 2014இலேதான்.

கழற்றியவர் யார் என்ற கணக்கை இங்கு நாம் எடுக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்மீது முழுப் பழியையும் போட்டுவிட்டுக் கைகழுவவும் முடியாது. அயல்வீட்டானின் ஓட்டை அயல்வீட்டானே கழற்றிய கதைகளும் நம்மிடையே உண்டு. இன்னும் பின்னே சென்றால், 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தான் என்றும், அதன் கற்கள் கோட்டை கட்ட எடுக்கப்பட்டன என்றும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். நம் வேதத்தை இங்கு கொணர்ந்த இனத்தவர் செய்தது என்பதற்காக அதை நாம் மறைத்தல் ஆகாது. பிறர் வீட்டுக் கல்லால் தன் வீட்டைக் கட்டுவது இம்மண்ணில் பழைய பாவம்.

இனி அறநெறி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிறர் பொருளை வைத்திருப்போரை அறநெறி நூலார் மூவகையாகப் பிரிப்பர். தனக்கே உரியதென்று நேர்மையாக நம்பி வைத்திருப்பவர் முதல்வர். களவென்று தெரிந்தே வைத்திருப்பவர் இரண்டாமவர். ஐயத்தோடு வைத்திருப்பவர் மூன்றாமவர். முதல்வரிடம் குற்றமில்லை. ஆனால் உண்மை தெரியவரும் நாளில் பொருளை உரியவரிடம் ஒப்படைக்கும் கடமை அவருக்கும் உண்டு. இரண்டாமவர் பொருளையும், அதனால் விளைந்த நட்டத்தையும் ஈடுசெய்ய வேண்டும். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததை நாம் அறிவோம். மூன்றாமவரின் கடமை விசாரிப்பது. விசாரித்தும் உரியவரைக் காணமுடியாவிடில், நேர்மையாக வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளலாம். விசாரியாமல் இருந்துவிட்டால் அவர் மெல்ல மெல்ல இரண்டாமவராகி விடுகிறார்.

ஏனெனில் அறியாமையிலும் இரு வகை உண்டு. ஒன்று அறிய முடியாமை. மற்றது அறிய விரும்பாமை. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற சொல் பெரும்பாலும் இரண்டாவது வகை. நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையும் களவுப் பொருள் என்று தெரிந்து பெற்றவரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை. அப்படி நம்பக் காரணமிருந்தும் நேர்மையின்றிப் பெற்றவரையும் சேர்த்தே சொல்கிறது. அரை விலைக்கு வந்த முதிரைக் கதவு, ஆணி பிடுங்கிய தடத்தோடு, பற்றுச்சீட்டின்றி வந்தால் அதுவே ஒரு காரணமல்லவா?

ஒரு விதிவிலக்கைச் சொல்லாதுவிடின் நாம் நீதி செய்தவராகோம். எறிகணை விழுந்த நாட்களில், குழந்தைகளைக் காக்க அயல்வீட்டுக் கதவை எடுத்துப் பதுங்குகுழியை மூடிய தாயைக் கள்ளி என்று திருச்சபை சொல்லாது. உயிருக்கு ஆபத்தான தேவையில் பொருள்கள் பொதுவாகின்றன என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். ஆனால் தேவை தீர்ந்த பின்னர் அதே கதவை விலை பேசி விற்றால் அது வேறு கதை.

விற்பவருக்கும் கடமை உண்டு. குதிரை ஒற்றைக் கண்ணுடையது என்பது பார்த்தாலே தெரியுமாயின், விலையைக் குறைத்துக் கொடுப்பவர் அக்குறையை வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. மறைந்திருந்து ஆபத்தோ நட்டமோ தரும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் அதே புனிதரின் போதனை. கலவை இயந்திரத்தின் வெளித் துரு ஒற்றைக் கண் போன்றது, வாங்குபவர் காண்பார். ஆனால் சாரக் குழாயின் உட்புறத் துருவை யார் காண்பார்? அதன்மேல் ஒரு தொழிலாளி ஏறி நிற்கப்போகிறான். உட்சோறு கறையான் தின்ற கைமரம், வளைத்து நிமிர்த்திய கம்பி, மூன்று மாதம் கடந்து வலிமை குன்றிய சீமெந்து, உடைத்தால் நஞ்சுத் தூசு பறக்கும் அஸ்பெஸ்ரஸ் தகடு ஆகியவற்றின் குறையைப் படம் காட்டாது. விற்பவரின் வாய்தான் சொல்லவேண்டும்.

முன்னர் ஊர்ச் சந்தையில் ஒருவன் கதவு கொண்டுவந்தால், "இது இன்னார் வீட்டுக் கதவல்லவா?" என்று கேட்க நாலு பேர் நின்றனர். அந்த நாலு பேரின் கண் பாதி அறத்தைக் காத்தது. இன்று கைத்தொலைபேசியில் ஒரு படமும் ஒரு விலையும் மட்டுமே வருகின்றன. முகம் இல்லை, ஊர் இல்லை, சாட்சி இல்லை. அந்த நாலு பேரும் கேட்ட கேள்வியை இனி வாங்குபவர் ஒருவரே கேட்கவேண்டியுள்ளது. எந்த ஊர் வீடு? யார் பிரித்தது? உரிமையாளரின் எழுத்து உண்டா? வெளிநாட்டில் இருப்போரின் பூட்டிய வீடுகள் நிறைந்த இத்தீபகற்பத்தில் இவை அவசியமான கேள்விகள். பதில் சொல்ல மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நல்லது, விலை எவ்வளவு மலிவாயினும்.

வந்தவரிடம் நாம் இதையே சொன்னோம். நீர் வாங்கியபோது நேர்மையாகவே வாங்கினீர். இப்போது ஐயம் பிறந்துவிட்டது. விசாரியும். அதுவரை கதவைப் பொருத்த வேண்டாம். உரியவர் கிடைத்தால் அவருடையதை அவருக்குக் கொடும். உமது பணத்தை விற்றவரிடம் கேளும். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். நட்டம் அவருக்குத்தானே! பின்னர் அச்சிலுவையைப் படமெடுத்து, கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினருக்கு அனுப்பினார். நாமும் சில பங்குகளில் விசாரித்து வருகிறோம்.

இன்னும் பதில் வரவில்லை. கதவு அவர் வீட்டு விறாந்தையில் சுவரோடு சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. வாசலில் இப்போது தகரம்தான் கட்டியிருக்கிறார்.