புதிய பிரசிடெண்டை எதைக் கொண்டு எடைபோடுவது?

ஊர்ப் பணத்தைச் செலவிடுபவரை அவர் மனதைக் கொண்டு எடைபோடுவதா, முடித்த வேலையைக் கொண்டா, காட்டிய கணக்கைக் கொண்டா என்பது அறநூல்களின் பழைய கேள்வி. பதவிக்குப் புதிதாக வந்த ஊராட்சித் தலைவர் விஷயத்தில் அது இன்னும் சிக்கலாகிறது. வேலையின் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். மனதையோ யாரும் திறந்து பார்க்க முடியாது.

உதாரணத்துக்குச் சென்னைப் புறநகரான மேடவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு நகரம், ஆட்சி முறையில் ஊராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துச் செம்பாக்கம் அதில் சேர்ந்தது. மேடவாக்கம் பரங்கிமலை ஒன்றியத்திலேயே நின்றது. 2016இல் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால், செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகள் ஏறத்தாழ 5 ஆண்டுகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்து, அம்மாதம் 20ஆம் தேதி புதிய தலைவர்கள் பதவியேற்றனர். மூன்று வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 7 அன்று சென்னையைப் பெருமழை புரட்டிப்போட்டது, புறநகரின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்குப் புதியவர்களைப் பொறுப்பாக்குவது நியாயமல்ல. 2022 மே மாதம் திறக்கப்பட்ட மேடவாக்கம் மேம்பாலத்துக்கு ஊராட்சியைப் பாராட்டுவதும் அப்படித்தான். அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. பழியும் புகழும் அவரவர் கைக்கு எட்டிய பணத்தின் அளவுக்கே சேரவேண்டும்.

அந்தப் பணம் எது? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வரவு. இவற்றோடு மாநில, மத்திய நிதிக்குழு மானியங்கள் வருகின்றன. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குத் ஊராட்சிகளுக்கான தன் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. காசோலையில் துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஆக, தலைவர் தாமே தேர்ந்து செலவிட எஞ்சுவது சிறு பங்குதான். அவருடைய குணம் தெரிவதும் அந்தச் சிறு பங்கில்தான்.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் திறமையை நான்கு செயல்களில் வைக்கிறது: வருவாய்க்கு வழி காண்பது, சேர்ப்பது, காப்பது, பகுத்துச் செலவிடுவது. திருடாமல் இருந்தாலே போதும் என்று அது சொல்லவில்லை. சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழி கையாடலுக்கு அஞ்சவைக்கும். நேர்மையாக நடக்கும் வீண்செலவை அது தொடுவதில்லை. தெரிந்துசெயல்வகை அதிகாரம் தொடுகிறது. ஒரு செயலில் அழிவது, ஆவது, பிற்பாடு அது தரும் ஊதியம் என மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. ஊர் எல்லையில் அலங்காரத்துக்கு எழுப்பும் நுழைவு வளைவு தோற்றுப்போவது மூன்றாவதில். மழைநீர் வடிகாலுக்குத் திறப்பு விழாப் படம் அமைவது கடினம். அடுத்த அடைமழை வரும்வரை அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்காகக் கண்ணுக்குத் தெரியும் வேலையெல்லாம் விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வரும் பெண்ணுக்குத் தெருவிளக்கு ஆடம்பரமல்ல.

உத்திரமேரூர்ச் சபையோ பலனை ஆராய்வதற்கு முன்பே ஒரு வாசலில் ஆளை நிறுத்தியது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து வாரிய உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. ஏரியை நன்றாக வெட்டினாரா என்பது பிறகு. உறவினரையும் விலக்கியது இன்றைய நியாயத்துக்கு ஒவ்வாது. ஆனால் பெண்களுக்கு ஒதுக்கிய நாற்காலியில் கணவர் அமர்ந்து கையெழுத்து மட்டும் வாங்கும் ஊர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்வெட்டின் கவலை புரியும்.

இந்த வழியே பார்த்தால் முதல் ஆண்டில் ஒரு தலைவரின் வேலையை முழுதாக எடைபோட முடியாது, கணக்கை எடைபோடலாம். கிராம சபையில் வைக்கப்படும் படிவம் 30 வரவையும் செலவையும் தலைப்புவாரியாகக் காட்டும். பிளக்ஸ் பேனரிலும் அதன் சுருக்கம் தொங்கும். மோட்டார் பழுது, விளக்குப் பொருள், குப்பை அள்ளும் கூலி எனச் சின்னச் சின்ன இனங்களில்தான் ஊர்ப் பணம் கரையும். ஒரே மோட்டார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழுதானதாகக் கணக்கு சொன்னால், அங்கேயே எழுந்து கேட்கவேண்டும். தலைவரின் நல்லெண்ணம் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

கேட்கும் கடமை வரி கட்டுவதோடு முடிவதுமில்லை. அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் பராமரிப்புக் கட்டணத்துக்கு ரூபாய் ரூபாயாகக் கணக்குக் கேட்பவர் ஊராட்சிக் கணக்கை எட்டிப் பார்க்காமலே தலைவரைத் திட்டுவது அறமாகாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதில் உட்கார்ந்து கேட்கலாம்.