கைப்பக்குவம்

ஐப்பசி பிறந்துவிட்டால் மல்லசமுத்திரத்துப் பெரியவர்கள் சிலர் ஒரு புலம்பலை ஆரம்பித்துவிடுவார்கள். "இப்போதெல்லாம் யார் வீட்டில் அதிரசம் சுடுகிறார்கள்? எல்லாம் கடைச் சரக்குத்தான்!" இவர்களில் ஒருவர்கூட அடுப்படியில் உட்கார்ந்து ஓர் அதிரசம் தட்டியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதிரசம் லேசான பலகாரமா? பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். முழுக்கக் காய்ந்தாலும் கெட்டது. ஈரம் மிகுந்தாலும் கெட்டது. இதை மழைக் காலத்திலா செய்யச் சொன்னார்கள் என்று தீபாவளியை வகுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்தாகிவிட்டது என்றால், அடுத்தது பாகு. காவிரிக்கரைப் பிலிக்கல்பாளையத்து ஏலச் சந்தை வெல்லமாகவே இருக்கட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் உருள வேண்டும். கொஞ்சம் முந்தி இறக்கினால் எண்ணெயில் பிரிந்துபோகும். பிந்தினாலோ பல்லைப் பதம் பார்க்கும். பிறகு மாவை ஓரிரு நாள் துணி கட்டி வைத்திருந்து, மந்தமான தீயில் சுட்டு, ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணெயைப் பிழிய வேண்டும்.

இத்தனைக்கும் நாம் கொடுக்கும் கூலி 'கைப்பக்குவம்' என்ற ஒரு வார்த்தை. தச்சனின் கைத்திறனைப் புகழ்ந்துவிட்டு, காசு கொடுக்காமல் நடையைக் கட்ட முடியுமா?

வீட்டுப் பலகாரத்தில் அன்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம். ஆனால் அன்பினால் சுட்ட அதிரசமும், மாமியாருக்குப் பயந்து சுட்ட அதிரசமும் நாக்குக்கு ஒன்றுபோலத்தான் இனிக்கின்றன. இரண்டில் எது தன் தட்டில் இருக்கிறது என்று தின்கிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது. சுட்டவளைக் கேட்டால்தான் உண்டு. நாம் கேட்பதில்லை, கேட்காமலே அன்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

என் அக்காவைக் கேட்டேன்.

"சின்ன வயசுல ஆசையாத்தான் இருந்துச்சு தம்பி. அப்புறம், பாகு முறிஞ்சா வருசம் பூராவும் பேச்சு வாங்கோணுமேன்னு இருந்துச்சு. எந்த வருசம் எதுக்காகச் சுட்டேன்னு எனக்கே இப்பச் சொல்லத் தெரியலே."

இந்த வருஷம் அவள் பாகு சேர்த்த மாவையே கடையில் வாங்கிவிட்டாள். இருபது அதிரசம் தட்டிச் சுட்டு, கடை மாவு என்று சொல்லியே நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.