வலீயின் கையும் கைப்பேசியும்

அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்களில் புழங்கலாமா என்னும் வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. இருபத்தைந்து வயது வாலிபர், எழுத்துக் கூட்டிப் படிப்பார், தோழர் எவருமிலர், நிக்காஹும் கூடிவரவில்லை. கைப்பேசி ஒன்றே அவருக்கு வெளியுலக வாசல். அவ்வாசல் வழியே முன்பின் அறியாத ‘நண்பர்’ ஒருவர் வந்து, ஸலாம் சொல்லி, ஒரு திங்களுக்குள் வங்கியின் ஓடிபி எண்ணையோ, வெளியே காட்டத்தகாத படத்தையோ கேட்டு வாங்கிவிடுகிறார். செய்தி தெரிந்ததும் வாப்பா செய்யும் முதற்காரியம், கைப்பேசியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுவது. தகப்பனின் அச்சம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் அது நீதிதானா?

பிக்ஹு நூல்களில் ‘ஹஜ்ர்’ என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தம் பொருளைத் தாமே கையாளாதபடி தடுத்துவைத்தல் என்பது அதன் கருத்து. அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், பகுத்தறிவு போதாதவர் கையில் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்பதுடன் சேர்த்தே, அவர்க்கு உணவும் உடையும் அளித்துக் கனிவாகப் பேசவும் கட்டளையிடுகிறது. பூட்டுகின்ற நாம் முற்பாதியைப் பற்றிக்கொண்டு பிற்பாதியை விட்டுவிடுகிறோம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களோ, புத்தி சுவாதீனமுள்ள பருவமடைந்தவர் பொருளை விரயம் செய்கிறார் என்பதற்காக மட்டும் ஹஜ்ர் விதிப்பதை ஏற்கவில்லை. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஏற்றார்கள்; இமாம் அபூஹனீபாவின் மாணவர் இருவரும் ஏற்றனர். ஒரு மனிதனின் சொல்லைச் செல்லாததாக்குவது பொருள் போவதைவிடப் பெருங்கேடு என்பது ஹனபீ நூல்கள் காட்டும் வாதம்.

இவ்விடத்தில் நமக்கு ஒளி தருவது ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களின் வரலாறு. அவருடைய தந்தையாரின் வரலாறு என்போரும் உளர். தலையில் பட்ட காயத்தால் அறிவும் நாவும் தளர்ந்து, கடைவீதியில் ஓயாது ஏமாறியவர். குடும்பத்தார் நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று, அவரைத் தடுத்துவைக்க வேண்டினர். பெருமானார் தடுத்தும் பார்த்தார்கள். அவரோ வாணிபமின்றி இருக்க இயலாது என்றார். அப்போது பிறந்த தீர்ப்பு இது: கொள்ளும்போதும் விற்கும்போதும் ‘கிலாபா’ கூடாதென்று அவர் சொல்லிக்கொள்ள வேண்டும், வாங்கியதைத் திருப்ப மூன்று நாள் அவகாசம் உண்டு. (நம் எழுத்தில் கிலாபா என்றதும் கலீபாக்களின் ஆட்சி நினைவுக்கு வரும். இது வேறு சொல். மோசடி என்று பொருள்.) நாத் தடுமாறி அச்சொல்லையே அவர் பிழையாகத்தான் உச்சரிப்பாராம். எனினும் வணிகர் மறுத்தால், அவ்வழியே செல்லும் ஸஹாபி எவரேனும் நின்று, அவர் கூறுவது மெய்யென்று சாட்சி சொல்வார்.

கடைவீதி அவருக்கு மூடப்படவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைத்தலாகாது. வாங்கிய சரக்கைத் திருப்பித் தரலாம். அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அம்மூன்று நாள் இங்கே காரியத்துக்கு முன்னே வரவேண்டும். பணமோ படமோ எண்ணோ எவர் கேட்டாலும் வீட்டில் ஒருவரிடம் காட்டி, மூன்று நாள் கழித்தே மறுமொழி என்பதை அன்றாட வழக்கமாகப் பழக்கலாம்.

2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றமொன்று இத்தகைய வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தனியே ஆராய வேண்டும் என்றது. பகிர்ந்த படம் முன்பின் அறியாதவரையும் சேரக்கூடும், தம்மை இன்னார் என்பவர் வேறொருவராக இருக்கலாம் என்பன போன்றவை அவருக்கு விளங்குகின்றனவா என்பதே அங்கு அளவுகோல். விளங்காதவர்க்குத் தடை வேண்டியதுதான். கடன் பத்திரத்தில் அத்தகையவருக்காக வலீ நீதியோடு சொல்லட்டும் என அல்பகரா 282ஆம் வசனமும் இடமளிக்கிறது.

வலீ என்னும் உரிமையால் இரவில் கைப்பேசியை ஒளிந்து படிப்பதை நாம் ஒப்பவில்லை. துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருக்கிறது. பார்ப்பதாயின் அவர் அறியப் பார்க்க வேண்டும். மேலும், பீரோவின் பூட்டு மோசக்காரனுக்கே உதவுகிறது. வீட்டில் சொன்னால் கைப்பேசி போய்விடும் என்றுதான் அவன் மிரட்டுகிறான். இழந்த பணத்தை வழியில் நிறுத்த 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வாப்பாவுக்கு அஞ்சியிருக்கும் பிள்ளை அதை மறுநாளும் சொல்லமாட்டான்.