இயல்பும் நிலையும்

சிலுவை யோவானின் (1542–1591) நூல்களை அவர் எழுதிய மொழியிலேயே படிக்க வேண்டும் என்னும் ஆவலால், ஐம்பது வயதைக் கடந்தபின் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினோம். தொடக்கத்திலேயே ஒரு சிறு வினைச்சொல்லில் இடறினோம். 'அந்த மனிதர் குடித்திருக்கிறார்' என்பதை மொழிபெயர்க்க வேண்டிய பயிற்சியில் 'எஸ் பொர்ராச்சோ' என்று எழுதினோம். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "எஸ்தா பொர்ராச்சோ என்று எழுத வேண்டும், சுவாமி. நீங்கள் அவரைக் குடிகாரராகவே ஆக்கிவிட்டீர்கள்" என்றார்.

ஆங்கிலத்தில் ஒரே வினை செய்யும் பணியை ஸ்பானிய மொழியில் 'ஸெர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று இன்னது, ஒருவர் இன்னார் என வரையறுப்பது ஸெர். அவர் எந்நிலையில், எவ்விடத்தில் இருக்கிறார் என்று கூறுவது எஸ்தார். காயொன்றை 'எஸ் வெர்தே' என்றால் அதன் நிறம் பச்சை; 'எஸ்தா வெர்தே' என்றால் அது இன்னும் பழுக்கவில்லை. 'எஸ் மாலோ' என்றால் அவர் கெட்டவர்; 'எஸ்தா மாலோ' என்றால், ஸ்பெயின் நாட்டு வழக்கில், அவருக்கு உடல்நலமில்லை. எஸ்தார் என்பது 'நிற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நம் மொழியிலும் 'நில்' என்பதிலிருந்தே 'நிலை' பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

நிலையானதற்கு ஸெர், மாறுவதற்கு எஸ்தார் என்று பலரும் எளிய விதி கூறுவர். அவ்விதி நெடுந்தூரம் துணைவராது. இளமை விரைந்து கழிவது. அதற்கு வருவதோ ஸெர். இறந்தவர் இவ்வுலக வாழ்வுக்குத் திரும்புவதில்லை; ஆயினும் 'எஸ்தா முவெர்த்தோ' என்றே கூறுவர். சாவு ஒருவருக்கு நேர்ந்ததன் விளைவான நிலையே அன்றி, அவர் யார் என்பதன் வரையறை அன்று. இதைக் கொண்டு மறையியல் கோட்பாட்டை நிறுவ முயல்வது பேதைமை. எனினும், காலத்தின் நீளம் மட்டும் ஒரு நிலையை இயல்பாக்கிவிடாது என்னும் பாடம் இதில் இருக்கவே செய்கிறது.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'அவன் குடித்திருக்கிறான்' என்பது வேறு. 'அவன் குடிகாரன்' என்பது வேறு. 'பொய் சொன்னாள்' என்பது ஒரு செயலைச் சுட்டும். 'பொய்க்காரி' என்பது ஓர் ஆளையே முடித்துவைக்கும். இவ்வளவு தெளிவான வேறுபாட்டைத் தாய்மொழியிலேயே கொண்டிருந்தும், நாம் அதை மதித்தோமா?

பல ஆண்டுகளுக்கு முன், ஒருவர் தம் உறவினர் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்க விரும்பி நம்மிடம் வந்தார். "குடிகாரருக்கு அவ்விடம் இல்லை" என்று பலர் முன்னிலையில் மறுத்துவிட்டோம். அவரைக் குடித்த நிலையில் நாம் கண்டது ஒரே ஒருமுறை, ஒரு திருவிழா இரவில். அதன்பின் அவர் கோவிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் அடித்த கோட்டைக் கண்டபோது நினைவில் எழுந்தது அவர் முகமே.

அப்படியானால் எவரையும் இன்னார் என்று சொல்லவே கூடாதா? அதுவும் உண்மையாகாது. மீண்டும் மீண்டும் செய்வது பழக்கமாகும், பழக்கம் பண்பாகும் என்பதை அரிஸ்டாட்டிலும் தாமஸ் அக்குவினாசும் விளக்கியுள்ளனர். நாள்தோறும் அடிபடும் மனைவியிடம், "உன் கணவர் இன்று சினமாக இருக்கிறார், அவ்வளவே" என்று கூறுவது இரக்கம் அன்று. அவளுக்கு இழைக்கும் அநீதி. ஸ்பானிய மொழியும் ஸெரை விலக்கிவிடவில்லை. எதைச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்லுமாறே அது கேட்கிறது. 'இன்னார்' என்று சொல்வதற்கு நீண்டகாலப் பழக்கமும் போதிய சான்றும் வேண்டும். 'இந்நிலையில் இருந்தார்' என்பதற்குக் கண்டதே போதும். நாமோ ஒரு பொழுதில் கண்டதைக் கொண்டு ஒரு வாழ்வையே வரையறுத்துவிடுகிறோம்.

இதில் வியப்பு ஒன்றும் உண்டு. நம் குற்றங்களைப் பேசும்போது இவ்விலக்கணத்தில் நாம் தவறுவதே இல்லை. 'அன்று களைப்பாக இருந்தேன்', 'அப்போது சினத்தில் இருந்தேன்' என்கிறோம். பிறர் சினந்தால் அவர் சினக்காரர். நாம் சினந்தால் அது நேரத்தின் கோளாறு.

ஸ்பானியப் பயிற்சியில் இன்றும் பிழை செய்கிறோம். அப்பிழைகளை ஆசிரியர் திருத்திவிடுவார். அந்த மனிதர் இருக்கும் தெரு நமக்குத் தெரியும். அவரிடம் சொன்ன சொல்லை நாமே சென்று திருத்தியாக வேண்டும்.